ரயிலேறிய பெயர்

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் 1890-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு வேறொரு பெட்டி. இடம் மாறி உட்கார்ந்தால் 25 டாலர் அபராதம், இல்லையென்றால் 20 நாள் சிறை. இதற்குச் சட்டமன்றம் சூட்டிய தலைப்பு, ரயில் பயணிகளின் சௌகரியத்தை மேம்படுத்துவதற்கான சட்டம். யாருடைய சௌகரியம் என்று தலைப்பு சொல்லவில்லை. உள்ளே 'சமமான, ஆனால் தனித்தனியான' வசதிகள் என்று நாகரிகமாக எழுதியிருந்தார்கள்.

ஊர் வாயில் அதற்கு வேறு பெயர்: ஜிம் குரோ சட்டம். அந்தப் பெட்டி ஜிம் குரோ பெட்டி. பின்னாளில் தென் மாநிலங்களில் பள்ளிக்கூடம், ஓட்டல், குடிநீர்க் குழாய், கல்லறை என்று நீண்ட பிரிவினை அத்தனைக்கும் சேர்த்து ஜிம் குரோ. சட்டம் எழுதியவர்கள் தலைப்பில் மறைத்ததை இந்தப் பெயர் போட்டு உடைத்தது. ஆனால் பிறந்தபோது அதற்கு அந்த வேலை இல்லை. கறுப்பரைப் பார்த்துச் சிரிப்பதற்காகத்தான் அது பிறந்தது. அந்தச் சிரிப்பு எப்போது, எப்படித் திசை திரும்பியது என்று தேடிப் போனால் கதையில் பெரும்பகுதி ரயிலிலும் பஸ்ஸிலும் நடந்திருக்கிறது.

குரோ என்றால் காக்கை. நிறத்தைச் சொல்லிப் பழிப்பது என்பதற்கு மேல் அதில் விளக்க ஒன்றுமில்லை. முன்னால் நிற்கும் 'ஜிம்'தான் கவனிக்க வேண்டியது. ஜேம்ஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம் அது. நரைத்த தலையோடு நிற்கும் பண்ணையாளை முதலாளி வீட்டுப் பொடியன் பெயர் சொல்லி 'வாடா, போடா' என்று கூப்பிட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த 'ஜிம்' உடனே பிடிபடும். அமெரிக்கத் தெற்கில் கறுப்பின ஆண் எந்த வயதிலும் ஜிம், சாம், அல்லது வெறும் 'பாய்'. பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' வராது. வெள்ளையர் வாயிலிருந்து அந்த 'மிஸ்டர்' வந்த ஒரு நாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெயரை மேடையேற்றியவர் தாமஸ் டார்ட்மத் ரைஸ். நியூயார்க்கில் பிறந்த வெள்ளைக்கார நடிகர். எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, கந்தல் சட்டையும் பிய்ந்த செருப்புமாக 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பாட்டுப் பாடி ஆடினார். பாட்டின் பல்லவியில் ஓர் ஆள் சுற்றிச் சுழன்று குதிப்பான். அவன்தான் ஜிம் குரோ. 1832-ல் நியூயார்க் பௌரி அரங்கில் கூட்டம் அலைமோதியது. 1836-ல் லண்டனுக்குப் போய் அங்கும் கைதட்டல் வாங்கினார். நடிகருக்கே 'ஜிம் குரோ ரைஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மாயா இடிபாடுகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற பயணி ஜான் லாய்ட் ஸ்டீவன்ஸ் 1841-ல் யுகடானின் மெரிடா நகருக்குப் போனபோது, அங்கே பேண்டு வாத்தியக்காரர்கள் அமெரிக்க விருந்தாளிக்கு மரியாதை செய்வதாக நினைத்து இந்தப் பாட்டை வாசித்தார்களாம். அமெரிக்காவின் தேசியப் பாட்டு இதுதான் என்று அவர்கள் எண்ணம்.

ரைஸ் இந்த ஆட்டத்தை எங்கிருந்து எடுத்தார்? லூயிவில் நகரில் குதிரை லாயத்தில் வேலை பார்த்த, கால் ஊனமான முதியவர் ஒருவரைப் பார்த்து என்பது ஒரு கதை. இல்லை, சின்சினாட்டியில் என்பது இன்னொன்று. இத்தனை ஊர் சொந்தம் கொண்டாடும் கதையை நம்ப எனக்குத் தயக்கம். பெயரும் ஆட்டமும் ரைஸுக்கு முன்பே கறுப்பின மக்களிடையே புழங்கியவை என்று டபிள்யூ. டி. லாமன் என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். ஜார்ஜியாவின் கடலோரத் தீவுகளில் கறுப்பினப் பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டாக அது 20-ம் நூற்றாண்டிலும் இருந்ததைப் பார்த்தால் அந்த வாதம் பொருத்தமாகவே படுகிறது.

ஆனாலும் ஒரு கதையை விட மனமில்லை. ரைஸ் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1867-ல் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் வந்தது. பிட்ஸ்பர்க் நகரில் கஃப் என்று ஒரு கறுப்பினச் சுமைகூலி. நீராவிப் படகில் வந்திறங்கும் பயணிகளின் பெட்டிகளைத் தூக்கி ஓட்டலில் சேர்ப்பது அவர் பிழைப்பு. ரைஸ் அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போய், அவர் உடுத்தியிருந்த துணியைக் கழற்றி வாங்கித் தான் போட்டுக்கொண்டு மேடையேறுகிறார். அரங்கம் அதிர்கிறது. திரைக்குப் பின்னால் அரைகுறைத் துணியோடு கஃப் ஒடுங்கி நிற்கிறார். அப்போது ஆற்றில் படகு வரும் சத்தம். படகு வந்தால் கூலி. கஃப் தலையை நீட்டி, ஐயா என் துணியைக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறார். சிரிப்புச் சத்தத்தில் ரைஸுக்குக் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் கஃப் மேடைக்கே வந்துவிட, கூட்டம் அதையும் வேடிக்கை என்று எண்ணி இன்னும் சிரிக்கிறது. நடந்ததா, கட்டியதா, தெரியாது. சொன்னவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். படிக்கிற நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

பெயர் ரயிலேறியது தெற்கில் அல்ல, வடக்கில். மாசசூசெட்ஸ் மாநிலம் அடிமைமுறையை 18-ம் நூற்றாண்டிலேயே கைவிட்டிருந்தது. 1838-ல் பாஸ்டனிலிருந்து சேலத்துக்கு (நம் சேலம் இல்லை, அங்கேயும் ஒரு சேலம் உண்டு) ஈஸ்டர்ன் ரயில்ரோடு கம்பெனி வண்டி விட்டது. சுதந்திரமான கறுப்பர்கள் வெள்ளையரைப் போலவே காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள். அவர்களை உட்கார வைக்கக் கம்பெனி ஒரு மட்டமான பெட்டியை ஒதுக்கியது. சட்டம் எதுவும் கிடையாது, கம்பெனி விதிதான். கொட்டகையில் பிரபலமாக இருந்த பெயரை எடுத்து அந்தப் பெட்டியின் மேல் ஒட்டினார்கள் ஜனங்கள். அந்த ஆண்டிலேயே சேலம் செய்தித்தாளில் 'ஜிம் குரோ பெட்டி' அச்சேறிவிட்டது. அந்தச் செய்தியில் ஒரு வினோதம். குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததற்காக அந்தப் பெட்டிக்குத் தள்ளப்பட்ட இரண்டு மாலுமிகளும் வெள்ளையர்கள். வெள்ளையருக்குத் தண்டனை இடம் எதுவோ, அதுவே கறுப்பருக்கு வழக்கமான இடம்.

(தண்டவாளத்தை வளைக்கும் கருவி ஒன்றுக்கும் ஜிம் குரோ என்றுதான் பெயர். நம் ரயில்வேயின் பாதைப் பராமரிப்புக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெட்டியின் பெயர் அதிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடப்பாரைக்கு ஆங்கிலத்தில் குரோபார். கருவியின் பெயர் அந்த வழியில் வந்திருக்கலாம்.)

பெயர் ஒட்டிய சூட்டோடு எதிர்ப்பும் கிளம்பிவிட்டது. 1841 ஜூலையில் நியூ பெட்ஃபர்டில், நியூயார்க் புத்தகக் கடைக்காரரும் அடிமை ஒழிப்புப் போராளியுமான டேவிட் ரகிள்ஸ் அந்தப் பெட்டிக்குப் போக மறுத்தார். இழுத்து வெளியே போட்டார்கள். வழக்குப் போட்டார், தோற்றார். செப்டம்பரில் ஃபிரெடெரிக் டக்ளஸ். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து மூன்றே ஆண்டு ஆன இளைஞர். கண்டக்டர் ஆட்களைக் கூட்டிவந்து தூக்கப் பார்த்தபோது, டக்ளஸ் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவரை இழுத்த இழுப்பில் இருக்கையும் பெயர்ந்து கூடவே வந்துவிட்டது. கம்பெனிக்கு இருபத்தைந்து முப்பது டாலராவது நஷ்டம் ஆகியிருக்கும் என்று பின்னால் தன் வரலாற்றில் கொஞ்சம் குஷியோடே எழுதுகிறார். அவர் குடியிருந்த லின் ஊரில் சில நாட்கள் வண்டியே நிற்கக் கூடாது என்று கம்பெனி அதிகாரி உத்தரவு போட்டார். ஓர் ஆளை ஏற்றாமலிருக்க ஓர் ஊரையே தாண்டிப் போயிற்று ரயில்.

மறு ஆண்டு பிப்ரவரியில் சார்லஸ் லெனாக்ஸ் ரெமண்ட் என்ற கறுப்பினப் பேச்சாளர் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன் நின்று, தான் பிரிட்டனில் ரயிலேறியபோது இப்படி யாரும் நடத்தவில்லை என்று எடுத்துச் சொன்னார். 1843-ல் கம்பெனிகள் விதியைக் கைவிட்டன. வடக்கில் பெட்டி போயிற்று. பெயர் போகவில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கில் அடிமைமுறை ஒழிந்தபோது, டிக்கெட் வாங்கும் கறுப்பர் என்ற ஒருவர் அங்கேயும் தோன்றினார். பெயர் வடக்கிலிருந்து இறங்கிப் போய் அங்கே குடியேறியது. அந்தப் பெட்டி எப்படி இருந்தது என்பதைப் பயணம் செய்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். என்ஜினுக்கு அடுத்த பெட்டி. புகையும் கரித்தூளும் முதலில் வந்து விழுவது அங்கேதான். பல ரயில்களில் அது முழுப்பெட்டிகூடக் கிடையாது. ஒரு பாதியில் மூட்டை முடிச்சு, தடுப்புக்கு இந்தப் பக்கம் மனிதர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கழிப்பறை. பத்திரிகையும் பழமும் விற்கும் பையன் தன் சரக்கை அங்கே பரப்பி வைப்பான். சிகரெட் பிடிக்க நினைத்த வெள்ளையர் அங்கே வந்து பிடித்துவிட்டுப் போவார். வெள்ளையர் பெட்டிக்குக் கறுப்பர் போகக் கூடாது என்பதுதான் விதி. எதிர்ப்பக்கம் அவ்வளவு கண்டிப்பு இல்லை.

டென்னசி மாநிலத்தில் பள்ளி ஆசிரியை ஐடா பி. வெல்ஸ் பெண்கள் பெட்டிக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார். எழுப்ப வந்த கண்டக்டரின் கையைக் கடித்துவிட்டார். மூன்று பேர் சேர்ந்துதான் அவரை இழுக்க முடிந்தது. கீழ்க் கோர்ட்டு 1884-ல் 500 டாலர் இழப்பீடு கொடுத்தது. 1887-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பிடுங்கிக்கொண்டது.

மறுபடி லூயிசியானா. நியூ ஆர்லியன்ஸ் குடிமக்கள் குழு ஒன்று சட்டத்தைச் சோதிக்கவென்றே 1892 ஜூன் 7-ந் தேதி ஹோமர் பிளெஸி என்பவரை வெள்ளையர் பெட்டியில் ஏற்றியது. பார்த்தால் வெள்ளையர் போலவே இருப்பார். தானே வாய் திறந்து, நான் கறுப்பினத்தைச் சேர்ந்தவன் என்று சொன்ன பிறகுதான் கைது. கைது செய்ய ஆளையும் குழுவே ஏற்பாடு செய்திருந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: வெள்ளைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பின ஆயா வெள்ளையர் பெட்டியிலேயே வரலாம். மடியில் பிள்ளை இருக்கும்வரை யாருடைய சௌகரியமும் கெடாது போலிருக்கிறது.

1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதிய ஹென்றி பில்லிங்ஸ் பிரவுன் சொன்னதன் சாரம் இது: தனிப்பெட்டியில் இழிவு எதுவும் இல்லை, கறுப்பர் அதை அப்படி எடுத்துக்கொண்டால் அது அவர்களாகக் கற்பித்துக்கொள்வது. மறுத்து எழுதிய ஒரே நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். பிரவுனுக்கு நேரான பதிலை நான் பார்ப்பது ஹார்லன் எழுதியதில் அல்ல, தெருப்பேச்சில். சட்டம் தன்னைச் சௌகரியம் என்றது, நீதிமன்றம் சமம் என்றது. ஏறி உட்கார்ந்தவர்களோ கரிபூசிய கோமாளியின் பெயரையே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரில் இழிவு இருக்கிறதா இல்லையா என்று எந்த நீதிபதியும் விளக்கத் தேவையில்லை. பிளெஸி 25 டாலர் கட்டினார். லூயிசியானா ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2022 ஜனவரியில்.

தீர்ப்பு வந்த காலத்தில் சொல் இலக்கணத்திலும் வளர்ந்துவிட்டது. ஆளின் பெயர் பெட்டியின் அடைமொழியாயிற்று. பிறகு தனித்து நின்று ஒரு முழு ஏற்பாட்டின் பெயராயிற்று. கறுப்பினப் பத்திரிகைகளில் வினையோடும் சேர்ந்தது: 'ஜிம் குரோவில் போவது' என்றால் ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்வது. போகமாட்டேன் என்றவர்கள் நடந்தார்கள். டிராம் வண்டிகளுக்கும் பிரிவினை வந்தபோது, 1900-க்கும் 1906-க்கும் இடையில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட தென்னக நகரங்களில் கறுப்பர்கள் டிராமைப் புறக்கணித்தார்கள். அந்தப் பட்டியலில் அலபாமாவின் மாண்ட்கமரியும் உண்டு, பின்னாளில் அங்கே பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ் பிறப்பதற்கு முன்பே.

டக்ளஸ் இருக்கையைப் பெயர்த்தார், வெல்ஸ் கடித்தார். அகிம்சை இந்தப் போராட்டத்தின் பிறவிக் குணம் அல்ல என்பதை மறந்துவிடுகிறோம். அது 1940-களில் படித்து, பழகி, தேர்ந்தெடுத்த முறை. தென்னாப்பிரிக்காவில், சிறைக்குப் போகத் தமிழர்கள் வரிசை கட்டிய ஒரு போராட்டத்தில் பிறந்த 'சத்தியாக்கிரகம்' என்ற சொல் அமெரிக்க பஸ்ஸுக்குள் வந்து ஜிம் குரோ என்ற சொல்லோடு மோதியது அப்போதுதான். 1940 மார்ச்சில் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க்கில் பாலி மரே, அடலீன் மக்பீன் என்ற இரு பெண்கள் கிரேஹவுண்ட் பஸ்ஸின் பின்பகுதியில் உடைந்து கிடந்த இருக்கைக்குப் போக மறுத்துக் கைதானார்கள். காந்தியைப் படித்திருந்த மரே, சிறையில் நடந்துகொள்ளும் முறையையும் அந்தப் படிப்பிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

இரண்டு ஆண்டு கழித்து பேயார்ட் ரஸ்டின் என்ற கறுப்பினப் போராளி ஓர் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன: வன்முறையின்மை, ஜிம் குரோ. லூயிவில்லிலிருந்து நாஷ்வில்லுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். பின்னால் போகச் சொன்னபோது மறுத்தார். நாஷ்வில் நெருங்கும்போது போலீஸ் வந்து அடித்தது. ரஸ்டின் கையை ஓங்கவில்லை, ஓடவும் இல்லை. பஸ்ஸிலிருந்த சில வெள்ளையர்களே இறங்கி வந்து, அடிக்காதீர்கள் என்று குறுக்கிட்டார்கள். நிலையத்தில் விசாரித்த உதவி அரசு வழக்கறிஞர் கடைசியில் அவரை விடுவித்தபோது, நீங்கள் போகலாம், மிஸ்டர் ரஸ்டின் என்றாராம். அந்த 'மிஸ்டர்' தெற்கில் எந்தக் கறுப்பருக்கும் கிடைக்காதது என்று ரஸ்டினே குறித்து வைத்திருக்கிறார். நூறாண்டு 'ஜிம்'முக்கு ஒரு நாள் 'மிஸ்டர்'.

சிரிப்பு முழுசாகப் பக்கம் மாறியது இந்த ஆண்டுகளில்தான். 1944-ல் டெட்ராய்ட் நகரில் ஜிம் குரோவுக்குச் சவப்பெட்டி செய்து ஊர்வலமாக எடுத்துப் போய் அடக்கம் செய்தார்கள். கொடும்பாவியும் பாடையும் பார்த்துப் பழகிய நமக்கு இந்த மொழி புதிதல்ல. அதே ஆண்டு வர்ஜீனியாவில் ஐரீன் மார்கன் என்ற இளம்பெண் கிரேஹவுண்ட் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தார். நீட்டிய வாரண்டைக் கிழித்து ஜன்னல் வழியே எறிந்தார், பிடிக்க வந்த ஷெரிஃபை உதைத்தார். கைதைத் தடுத்ததற்கு 100 டாலர் அபராதம். செய்தேன், கட்டுகிறேன் என்று கட்டினார். பிரிவினைச் சட்டத்தை மீறியதற்கு 10 டாலர். அதைக் கட்ட மாட்டேன் என்றார். அந்த 10 டாலர் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்ஸில் இனம் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று 1946 ஜூன் 3-ந் தேதி தீர்ப்பு.

தீர்ப்பு நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்க 1947 ஏப்ரலில் எட்டுக் கறுப்பரும் எட்டு வெள்ளையரும் கிளம்பினார்கள். ரஸ்டினும் ஜார்ஜ் ஹௌஸரும் திட்டமிட்ட அந்தப் பயணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சமரசப் பயணம்'. இனி ஜிம் குரோவில் போக வேண்டியதில்லை என்ற பொருளில் பாட்டும் கட்டினார்கள். பாட்டில் பிறந்த பெயருக்கு எதிர்ப்பாட்டு. வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் நான்கு பேர் கைதானார்கள். ரஸ்டின் 1949-ல் சங்கிலிக் கைதிகளோடு 22 நாள் சாலை வேலை செய்தார். அந்தத் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்ததும் 2022-ல்தான். அதற்கு 35 ஆண்டு முன்பே ரஸ்டின் காலமாகிவிட்டார்.

மாண்ட்கமரி பஸ் புறக்கணிப்பை வாசகர் அறிவார்கள்: 1955 டிசம்பர் தொடங்கி 381 நாள். நம் விஷயத்துக்கு வேண்டிய இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். முதலில் வைத்த கோரிக்கைகளில் பிரிவினையை ஒழி என்பது இல்லை. டிரைவர்கள் மரியாதையாகப் பேச வேண்டும், வருகிற வரிசையில் கறுப்பர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் உட்காரலாம், கறுப்பர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின டிரைவர்கள் வேண்டும், இவைதான். மரியாதை முதலில் நின்றது. இரண்டாவது, 'பாய்காட்' என்ற சொல். அதுவும் ஓர் ஆளின் பெயர்தான். 1880-ல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் குத்தகைக்காரர்கள் ஊர்விலக்கம் செய்த நிலப் பொறுப்பாளர் கேப்டன் சார்லஸ் பாய்காட். அந்தச் சொல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு உறுத்தியது. ஒரு வியாபாரத்தை அழிப்பது நம் நோக்கமில்லை, தீமையோடு ஒத்துழைக்க மறுப்பதுதான் என்று யோசித்து, அதன்பின் அந்தச் சொல்லை அரிதாகவே பயன்படுத்தியதாக எழுதுகிறார். அலபாமா அரசுக்கு அந்த உறுத்தல் இல்லை. 1921-ம் ஆண்டின் பாய்காட் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, கிங் உட்பட ஏறத்தாழ 90 பேர் மேல் வழக்குப் போட்டது.

1961-ல் மறுபடி பஸ்ஸேறியபோது 'சமரசம்' போய் 'விடுதலைப் பயணம்' வந்தது. மே 4-ந் தேதி வாஷிங்டனிலிருந்து 13 பேர் கிளம்பினார்கள். பத்து நாள் கழித்து அலபாமாவின் ஆனிஸ்டன் அருகே ஒரு பஸ் எரிந்தது. அந்தக் கோடை முடிவதற்குள் நூற்றுக்கணக்கானோர் ஏறி, மிசிசிப்பிச் சிறைகளை நிரப்பினார்கள். நவம்பர் 1 முதல் மாநிலங்களுக்கிடையேயான பஸ்களிலும் நிலையங்களிலும் பிரிவினைப் பலகைகள் இருக்கக் கூடாது என்று மாநிலங்களிடை வணிக ஆணையம் உத்தரவிட்டது.

பெட்டி போன பிறகும் பெயருக்கு வேலை இருந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் கைதான பாலி மரே பிறகு ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். ஜிம் குரோவை எதிர்க்கப் பயிற்சி கொடுத்த வகுப்பறையில், பெண் என்பதற்காகத் தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களைச் சந்தித்தார். அந்த அனுபவத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஜேன் குரோ'. 1965-ல் மேரி ஈஸ்ட்வுட்டோடு சேர்ந்து எழுதிய சட்டக் கட்டுரையின் தலைப்பில் அதை ஏற்றினார். இனப் பிரிவினையை உடைத்த வாதங்களைக் கொண்டே பெண்களுக்கு எதிரான சட்டங்களையும் உடைக்கலாம் என்பது அவர் வழி. 1971-ல் ரீட் என்ற பெண்ணுரிமை வழக்கில் அந்த வழியைப் பின்பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதிய வழக்கறிஞர் ரூத் பேடர் கின்ஸ்பர்க், அதில் ஒரு வரிகூட எழுதாத மரேயின் பெயரையும் முகப்பில் வழக்கறிஞர்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டார்.